பிட் படிக்கும் இடத்தில்தான் படம் உடைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வந்த, டிவி படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது என்ற கட்டுரை குறித்து எழுதுகிறேன். சிக்னல் குறையும்போது சில பிக்சல்கள் வந்து சேராததே காரணம் என்று அதில் உள்ளது. கேபிளில் பிக்சல் எதுவும் வருவதில்லை. படத்தைச் சுருக்கி 0, 1 என்று மாற்றிய பிட்கள்தான் வருகின்றன. அவற்றை எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்று முடிவு செய்யும் பகுதியைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. கூடவே வந்த பெட்டிச் செய்தியில், ஒரே தடவையில் 32 பிட் எடுக்கலாம் என்ற எண்ணும் தவறு.

எஸ்டி சேனல்களிலும் டிவிடியிலும் பயன்பட்ட எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையை எடுத்துக்கொள்வோம். படத்தின் விவரங்கள் குறியீடுகளாக எழுதப்படும். அடிக்கடி வரும் குறியீட்டுக்கு 2 அல்லது 3 பிட், அரிதானதற்கு 17 பிட் வரை, குறியீட்டு அட்டவணையிலேயே இல்லாத மதிப்புக்கு 24 பிட். ஓலைச்சுவடி எழுத்தைப் போல இடைவெளியே இல்லாமல் இவை ஓடும். ஒரு குறியீட்டைச் சரியாகப் படித்தால்தான் அடுத்தது தொடங்கும் இடம் தெரியும். ஒரு பிட் புரண்டு, 3 பிட் குறியீடு 5 பிட்டாகப் படிக்கப்பட்டால் அதன்பின் எல்லா வெட்டும் தப்பு. மீண்டும் காலூன்ற ஒரே வழி, 00 00 01 என்ற மூன்று பைட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) தொடக்கக் குறியைத் தேடிப் பிடிப்பது. 576 வரிப் படத்தில் 16 வரிக்கு ஒரு பட்டையாக 36 பட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் அப்படி ஒரு குறியோடு தொடங்கும். அதனால்தான் சேதம் பட்டையின் நடுவில் தொடங்கி வலது ஓரம்வரை நீள்கிறது. அடுத்தடுத்த படங்கள் அதையே நகல் எடுப்பதால், எதையும் நகல் எடுக்காத அடுத்த முழுப்படம் வரும்வரை கறை நகர்ந்துகொண்டே இருக்கும். எம்பெக்-2-க்குப் பின் வந்த எச்.264 முறையில் ஒரு படம் முழுவதையும் ஒரே துண்டாக அனுப்புவது சகஜம். அங்கே உடைந்த இடத்துக்குக் கீழே எல்லாமே போய்விடும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்றில் கேபிள் கனெக்டர் பச்சை பூத்துப் பிட்கள் கெடுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 204 பைட்டுக்கு 8 பைட் வரையான பிழையை டிஜிட்டல் கேபிளின் திருத்த முறையே சரிசெய்துவிடும். அதற்கு மேல் போனால், திருத்தப் பைட்கள் போக மிஞ்சும் 188 பைட் பாக்கெட்டின் தலைப்பில் ‘இது கெட்டது’ என்று ஒரு பிட் எழுதப்படும். பிட்களை மீண்டும் படமாக்கும் பகுதிதான் டிகோடர். அந்தப் பிட்டைக் கவனிக்கும் டிகோடர் அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு அடுத்த தொடக்கக் குறிக்குப் போகும். கவனிக்காதது குப்பையையும் படமாக்கும். ஒரே வயரில் இரண்டு வீட்டு செட்டாப் பாக்ஸ் இரண்டு விதமாகக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். பாக்கெட் தொலைந்ததைக் காட்டும் வரிசை எண்ணும் உண்டு. அது 0 முதல் 15 வரை மட்டுமே சுற்றுவதால், சரியாக 16 பாக்கெட் தொலைந்தால் அதற்கே தெரியாது.

இனி பிட் படிக்கும் முறை. கட்டுரையில் தந்த நிரல் ஒரு தடவைக்கு ஒரு பிட் எடுக்கிறது. நொடிக்கு 80 லட்சம் பிட் வரும் எச்டி சேனலுக்கு அது 80 லட்சம் அழைப்பு; சிறிய செட்டாப் பாக்ஸ் மூச்சு வாங்கும். நடைமுறையில், தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகமான பஃபரிலிருந்து, சிப்பின் உள்ளே உள்ள 32 பிட் பதிவேட்டில் ஏற்றி, முன்பகுதியை எட்டிப் பார்த்து, அட்டவணையில் பொருத்தி, பயன்பட்ட பிட்களை மட்டும் தள்ளிவிடுவார்கள். 8 பிட் காலியானால் அடுத்த பைட் ஏறும். அதிகபட்சம் 7 பிட் காலியாக இருக்கும்போதும் நிரப்பாமல் நிற்கும் என்பதால், எந்த நேரத்திலும் உத்தரவாதம் உள்ளவை 25 பிட் மட்டுமே. எம்பெக்-2-இன் நீண்ட குறியீடான 24 பிட் அதற்குள் அடங்கிவிடும். ஒரே மூச்சில் 32 கேட்டால் சில நேரம் சரியாக வரும். சில நேரம் கடைசிப் பிட்கள் சுழியாக (0) வரும். எப்போதும் தப்பாக வந்தாலாவது உடனே பிடிபடும்.

இன்னொரு பொறி: கேட்ட பிட் எண்ணிக்கையை 32-இலிருந்து கழித்து, அத்தனை இடம் பதிவேட்டு எண்ணை நகர்த்தித்தான் பிட்களை எடுப்பார்கள். அதனால் 0 பிட் கேட்கும்போது நிரல் 32 இடம் நகர்த்தச் சொல்லும். சி நிரல்மொழியில் அதற்கு வரையறை இல்லை. 32 பிட் ஆர்ம் சிப்பில் சுழி வரும், இன்டெல் கணினியில் எண் நகராமல் அப்படியே நிற்கும். செட்டாப் பாக்ஸில் ஓடிய நிரல் லேப்டாப்பில் உளறுவது இதனால்தான். 0-ஐத் தனியாகப் பிரித்து எழுதுவது ஒரு வரி வேலை.

பஃபரின் முடிவிலும் கவனம் வேண்டும். வேகத்துக்காக 4 அல்லது 8 பைட்டாக அள்ளும் நிரல், தரவு முடிந்த பின்னும் எல்லை தாண்டிப் படிக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரல் நூலகம் உள்ளீட்டுப் பஃபரின் இறுதியில் 64 பைட் கூடுதல் இடம் கேட்பது இதற்காகத்தான். அந்த இடம் சுழியால் நிரம்பியிருக்க வேண்டும். பழைய குப்பை அங்கே கிடந்தால் செல்லுபடியாகும் குறியீடு போல நடித்து டிகோடரை மேலும் இழுத்துச் செல்லும். தொடர் சுழிகள் எம்பெக்-2-இல் எந்தக் குறியீடும் ஆகாது, அங்கேயே நின்றுவிடும். கடைசி வந்ததும் தொடக்கத்துக்கே சுற்றி வரும் வளைய பஃபராக இருந்தால் 4 பைட்டில் 2 கடைசியிலும் 2 தொடக்கத்திலும் கிடக்கலாம். இந்த நிலையைச் சோதிக்காமலே நிரலை அனுப்பிவிடுகிறார்கள்.

எம்பெக்-2 மட்டும் கற்றவர் எச்.264-இல் சறுக்குவது 03 பைட்டில். தரவுக்குள் தற்செயலாகத் தொடக்கக் குறி உருவாகாதபடி, இரண்டு சுழிப் பைட்டுக்குப் பின் 00 முதல் 03 வரை எது வந்தாலும், படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் இடையில் ஒரு 03-ஐச் செருகும். படிக்கும்போது அதை நீக்க வேண்டும். மறந்தால் அந்த இடத்திலிருந்து 8 பிட் தள்ளிப் படிப்போம். நீக்கும் நிரல் இருந்தும், ஒரு பஃபர் 00 00-இல் முடிந்து அடுத்தது 03-இல் தொடங்கினால் பலர் கோட்டைவிடுகிறார்கள். சுழி எண்ணிக்கையைப் பஃபர் மாறும்போதும் நினைவில் வைக்க வேண்டும். எச்.264 தலைப்பு எண்களில் முன்சுழிகளை எண்ணி நீளம் அறிவார்கள்: 00101 என்றால் இரண்டு சுழி, ஒரு 1, பின் 01; 101 என்பது 5, அதில் ஒன்று குறைத்தால் மதிப்பு 4. கெட்ட தரவில் சுழி முடியாமல் ஓடும் என்பதால் எண்ணுவதற்கு 32 என்று வரம்பு போடுவது அவசியம்.

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் செட்டாப் பாக்ஸைத் திறந்து பார்க்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் தவறு எங்கே என்று எளிதாகப் பிரிக்கலாம். ஒரே வீடியோ கோப்பைப் பென்டிரைவில் டிவியிலும் கணினியிலும் ஓட்டவும். இரண்டிலும் ஒரே இடத்தில் உடைந்தால் பெரும்பாலும் தரவே கெட்டது. ஒன்றில் மட்டும், எப்போதும் அதே இடத்தில் உடைந்தால் அதன் டிகோடரைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் நினைவகம், சூடு, அல்லது பஃபரில் எழுதும் கையைப் படிக்கும் கை முந்துவது. கனெக்டரைச் சுரண்டுவதால் இவை எதுவும் தீராது.

பெட்டிச் செய்தியில் ஒரே தடவையில் 32 பிட் எடுக்கலாம் என்றுள்ளதை 25 பிட் என அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். மாணவர்கள் அந்த எண்ணை அப்படியே நிரலில் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
செட்டாப் பாக்ஸ் மென்பொருள் பணியாளர்,
வியாசர்பாடி, சென்னை-39