கண்ணாடியில் ஊரும் குட்டிகள்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? கடிதமும் படங்களும் கிடைத்தன. உன் கடல்நீர் மீன்தொட்டியில் விளக்கை அணைத்ததும் கண்ணாடி முழுக்கக் குட்டி நத்தைகள் ஊருகின்றன, பொறுக்கி எறியலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் சிவப்பு விளக்கும் எடுத்துக்கொண்டு, இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் கழித்துப் பார். வெள்ளை விளக்கடித்தால் பாதி நத்தைகள் பாறைக்குப் பின்னால் போய்விடும்.

முதலில் ஓட்டின் உயரத்தையும் அகலத்தையும் பார். இரண்டும் ஏறக்குறைய சமமாக, தலைப்பாகை போல உருண்டு, வாயை அடைக்கும் மூடி கெட்டியாக வெள்ளையாக இருந்தால் அது கொலோனிஸ்டா என்னும் நத்தை வகை. முழு வளர்ச்சியே சில மில்லிமீட்டர்தான், அதனால் நீ குட்டி என்று நினைப்பது கிழமாகவும் இருக்கலாம்! ஓடு நகத்துண்டு போலத் தட்டையாக, உடம்பு அதற்குள் அடங்காமல் வழிந்து, நத்தைக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடினால் ஸ்டோமடெல்லா. அதைக் கையால் பிடிக்காதே, பல்லி வாலை விடுவதுபோல் பாதத்தின் பின்பகுதியை உதறிவிடும். இரண்டும் பாசி மேய்பவை, உனக்குச் சம்பளமில்லாத வேலையாட்கள்.

பயப்பட வேண்டியது பிரமிடெல்லிட் என்னும் ஒட்டுண்ணி நத்தை. வெள்ளை அரிசி மணி போல நீளம், இரண்டு மூன்று மில்லிமீட்டர். அடையாளத்துக்கு ஓட்டைவிட அது நிற்கும் இடம்தான் உறுதி. கண்ணாடியில் மேயாது, ட்ரோகஸ், டர்போ போன்ற பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பிலோ, ராட்சதச் சிப்பியின் உதட்டிலும் அடிப்பக்கத்திலுமோ கூட்டமாக ஒட்டி, உறிஞ்சுகுழலை நீட்டிச் சாற்றைக் குடிக்கும். அந்த ஓட்டின் மேலேயே கண்ணாடி போன்ற பசைத்துளிகளாக முட்டையும் இடும். ஆகவே பெரிய நத்தையை எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். முட்டையை விட்டால் திரும்ப வரும், ஒரு தடவையோடு நிறுத்தாமல் சில நாளுக்கொரு முறை பல வாரம் செய். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றிவிடாதே.

ட்ரோகஸ் பெருகுமா என்று கேட்டிருந்தாய். பெருகும். அதன் குஞ்சு முட்டைக்கருவைத் தின்றே சில நாளில் பாறையில் இறங்கிவிடும், தனி உணவு வேண்டாம். நசாரியஸ், நெரைட் நத்தைகள் அப்படியல்ல. நசாரியஸ் ஒட்டும் பளிங்குப் பைகளும், நெரைட் பதிக்கும் எள் போன்ற வெள்ளைப் புள்ளிகளும் பொரிந்தாலும், குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதந்து நுண்பாசி தின்ன வேண்டும். நம் தொட்டியில் பிழைப்பது அபூர்வம். அந்த முட்டைகளைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதே.

ட்ரோகஸில் ஆண் பெண் வேறு, ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு வாங்கு: இரு பாலும் சரிசமமாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆறும் ஒரே பாலாக அமைய 32-ல் ஒரு வாய்ப்புதான். கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஏறி நின்று புகை போல வெள்ளையாக விட்டால் முட்டையிடும் நேரம். உடனே ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவியை) நிறுத்து, வடிகட்டித் துணிப்பையைக் கழற்று. இல்லாவிட்டால் குஞ்சுகள் அங்கேயே போய்ச் சேரும். மூன்று நான்கு நாள் அப்படியே விடு. ஆனால் ஸ்கிம்மர் நின்றால் ஆக்சிஜன் குறையும், காற்றுக் குமிழி விடும் கல் ஒன்று ஓடட்டும். பம்பு வாயில் பஞ்சு மாட்டு.

பின்பக்கக் கண்ணாடியைத் தேய்க்காதே. அங்கே படியும் மெல்லிய பாசிப்படலம்தான் குட்டிகளின் சாப்பாடு. பளபளவென்று நாலு பக்கமும் துடைப்பவர்கள்தான் "குட்டி தங்கவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவார்கள்.

தண்ணீரில் உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25-26 டிகிரி. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல, உப்பு ஆவியாவதில்லை. நத்தை தன் உடலின் உப்பைச் சரிக்கட்டத் தெரியாத பிராணி. அதனால்தான் புதிதாக வாங்கியதை மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒன்றரை மணி நேரம் பழக்கச் சொல்கிறேன். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் புது ஓடு மெலியும். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தனித்தொட்டியில் மட்டும் கொடு. நத்தைக்குச் செம்பு விஷம், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு வைத்திருக்கிறாய் அல்லவா? பெயரில்தான் துறவு, ஓட்டுக்காக நத்தையையே கொன்றுவிடும். அளவு வாரியாகக் காலி ஓடுகள் பத்துப் பதினைந்து போட்டு வை.

நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் இருப்பது கொலோனிஸ்டாவா, ட்ரோகஸ் குட்டியா என்று மேல்பக்கத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பாதமும் மூடியும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. மூடி பழுப்பாக மெல்லிய தகடு போல இருந்தால் ட்ரோகஸ், உனக்கு வாழ்த்து. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி