அடுத்த பட்டயம் வர முடியாதவருக்கு
கிளாஸ்கோ நகர மன்றத்தின் 85 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களே,

வணக்கம். நகரின் கௌரவக் குடியுரிமைப் பட்டயத்தை அடுத்து யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளாக உங்கள் ஊரில் இருக்கிறேன். வேலைநாட்களில் குவீன் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி நெல்சன் மண்டேலா பிளேஸ் வழியாகத்தான் நடப்பேன். மண்டேலா மறைந்த பிறகு வைத்த பெயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்தால் தெருவுக்கு அவர் பெயரை வைப்பது நம் பக்கத்தில் பார்த்துப் பழகியதுதானே. கூட வேலை பார்க்கும் மூத்த பெண்மணி ஒருவர்தான் விவரத்தைச் சொன்னார்.

1986 வரை அந்த இடத்துக்கு செயின்ட் ஜார்ஜஸ் பிளேஸ் என்று பெயர். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் துணைத் தூதரகம் அங்கேதான் இருந்தது. பெயரை மாற்றியதும் அந்த அலுவலகத்தின் முகவரியிலேயே மண்டேலா வந்து உட்கார்ந்துவிட்டார். யாரை இருட்டில் பூட்டி வைத்திருந்தார்களோ, அவர் பெயரை எழுதினால்தான் இனி அவர்களுக்குத் தபாலே வரும். இதைக் கேட்ட அன்று மாலை அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கும் ஐந்து ஆண்டு முன்னதாக, 1981 ஆகஸ்டில், உங்கள் மன்றம் அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமையைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 63. சிறைக்குப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, ராபன் தீவுச் சிறையில் இருந்தார். வேறெந்த நகரமும் அதுவரை அவருக்கு இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை. ஊரில் எல்லோரும் அதற்குக் கைதட்டிவிடவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 1987இல்கூட பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைப் பயங்கரவாத அமைப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காற்றுக்கு எதிராகத்தான் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் கை தூக்கினார்கள்.

1993 அக்டோபரில் மண்டேலா நேரில் வந்தார். உங்களுடையதோடு சேர்த்து ஒன்பது நகரங்களும் வட்டாரங்களும் கொடுத்திருந்த குடியுரிமைகளை உங்கள் நகர மண்டபத்தில் வைத்துப் பெற்றுக்கொண்டார். அப்புறம் ஜார்ஜ் சதுக்கத்தில், கொட்டும் மழையில், மேடையிலேயே ஆடினார். எனக்கு விவரம் சொன்ன பெண்மணி அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

இந்த மரியாதையின் பழைய கதையையும் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தின் பழைய நகரங்களில் நகர உரிமை என்பது அலங்காரம் இல்லை, வயிற்றுப்பாடு. அது இருந்தால்தான் கடை வைக்கலாம், கைத்தொழில் செய்யலாம். 1750களில் ஜேம்ஸ் வாட் இங்கே கருவிப் பட்டறை போட வந்தபோது, தொழில் சங்கத்தார் அவரை உள்ளே விடவில்லை என்பார்கள். பல்கலைக்கழகம்தான் தன் வளாகத்தில் இடம் கொடுத்தது. வெளியிலிருந்து வந்து இங்கே பிழைக்கும் எனக்கு ‘உரிமை’ என்ற சொல்லின் கனம் அந்த இடத்தில்தான் புரிந்தது. ‘நீ எங்கள் ஊர்க்காரன், உன்னைத் தொட்டால் எங்களைத் தொட்ட மாதிரி’ என்பதுதான் அதன் பொருள்.

பின்னாளில் அது சாதித்தவர்களுக்குப் போடும் மாலையாக ஆனது. கால்பந்து வீரர் கென்னி டால்கிளிஷ், கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலி என்று பட்டியல் நீள்கிறது. எல்லோரும் இந்த ஊர் பெற்ற பிள்ளைகள், அவர்களைக் கொண்டாடுவதில் குறையே இல்லை. ஆனால் ஊரே ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு பட்டயம் கூடுதலாக என்ன செய்துவிடும்? ராபன் தீவில் இருந்தவருக்கோ அது மூச்சுக்காற்று.

வர முடியாதவரை அழைப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1962இல் ரெக்டராக, அதாவது நிர்வாகத்தில் தங்கள் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, தென்னாப்பிரிக்க அரசின் தடையால் தன் வட்டாரத்தைத் தாண்டவே முடியாமல் இருந்தவர். 2014இல், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்டுவிட்டு ரஷ்யாவில் தஞ்சம் புகுந்திருந்த எட்வர்ட் ஸ்னோடனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. மியான்மரில் ஜனநாயகத்துக்காகப் போராடிய ஆங் சான் சூச்சிக்கு இதே குடியுரிமையைக் கொடுத்துவிட்டுப் பட்ட சங்கடம் மனத்தில் இருக்கும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அவர் நாட்டிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடிவந்தபோது அவர் வாய் திறக்கவில்லை, 2017 நவம்பரில் நீங்கள் திரும்பப் பெற்றீர்கள். ஆக்ஸ்ஃபோர்டும் டப்ளினும் அதையே செய்தன. செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள். அதற்காக இனி உயிரோடு போராடும் எவருக்குமே கொடுப்பதில்லை, எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுக்காவலில் அவர் இருந்தபோது நகரங்கள் அவர் பக்கம் நின்றது தப்பில்லை. பதவிக்கு வந்த பின் அவர் நடந்துகொண்டதுதான் தப்பு. கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அப்புறம் என்ன பயம்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். இல்ஹாம் தோத்தியின் பெயரை உங்களில் ஒருவர் முன்மொழிய வேண்டும். சீனாவின் சிறுபான்மையினரான உய்குர் இனத்தவர், பெய்ஜிங்கில் பொருளாதாரம் கற்பித்த ஆசிரியர். உய்குர் மக்களும் ஹான் சீனரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று இணையதளம் நடத்தினார். தனி நாடு கேட்டவர் அல்ல. 2014 செப்டம்பரில் பிரிவினைவாதி என்று ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்கான சகாரோவ் பரிசை அவருக்கு அளித்தபோது மகள்தான் வந்து வாங்கிக்கொண்டார்.

இதில் உங்களுக்கு இழப்பு வரலாம். சீனாவின் தாலியன் உங்கள் சகோதர நகரம், அங்கிருந்து கோபமாகக் கடிதம் வரும். பல்கலைக்கழகங்களுக்குச் சீன மாணவர்கள் வருவார்களா என்று கேட்பார்கள். வெளியுறவு நகர மன்றத்தின் வேலையா என்பார்கள். 1981இலும் இப்படி வாதாடியவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட எந்தத் தெருவிலும் இல்லை.

சட்டப்படி வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும். இந்த மடலைத் தமிழில் எழுதியதற்குக் காரணம், இந்த ஊர்த் தமிழர்கள் இதைப் படித்துவிட்டு அவரவர் வார்டு உறுப்பினரை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதுதான். ஆங்கிலப் படியைத் தனியாக அனுப்புகிறேன். தீர்மானம் வரும் நாளில் பார்வையாளர் வரிசையில் இருப்பேன். நிறைவேறினால் பட்டயத்தை அவர் மகளை அழைத்துக் கொடுங்கள். அவர் விடுதலையாகி வரும் நாளில் ஜார்ஜ் சதுக்கத்தில் மழை பெய்தாலும் நாங்கள் நிற்போம்.

அன்புடன்,
கிளாஸ்கோவில் வாழும் ஒரு தமிழன்