மூன்றாம் மாடியில் காத்திருந்தவள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மா இப்போது வாக்கர் இல்லாமலே வாசல்வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நீ விடுதிக் காப்பாளராகவும் பொறுப்பேற்றிருக்கிறாய் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதைப் படித்த பிறகுதான், எங்கள் கட்டடத்தில் போன மாதம் நடந்ததை உனக்கு முழுசாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை 11.30 மணி இருக்கும். மூன்றாம் மாடியில் அறுபது பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அபாய மணி அடித்தது. நான் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தேன். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மீதிப் பாதியையும் எழுதினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பையன் எழுந்து, பக்கத்தில் இருந்தவர்கள் அசையாததைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்துகொண்டான். கதவோரம் இருந்த ஒரு பெண் "மேடம், கருகுற வாசனை வருது" என்று சொன்ன பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். இரண்டு நிமிடமாவது போயிருக்கும்.

தரைத்தளத்தில் மின்பலகை இருக்கும் அறையில் கேபிள் கருகியிருக்கிறது. தீ பெரிதில்லை, புகைதான் அதிகம். அந்த அறை முன்படிக்கட்டை ஒட்டி இருப்பதால், புகைக்கு அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிட்டது. எல்லோரும் அந்த வழியாகத்தான் இறங்கினோம், தினமும் ஏறி இறங்குவது அதில்தானே! வந்த வழியிலேயே திரும்பிப்போவதுதான் மனித சுபாவம். பக்கத்தில் வேறு வாசல் இருந்தாலும் கால் பழகிய பக்கம்தான் போகும். நாங்கள் இரண்டாம் மாடியைத் தாண்டும்போதே கண் எரிய ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த இருபது பேர் திரும்பிப் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே துளிப் புகை இல்லை. ஆனால் கீழே வெளிக்கதவில் பூட்டு தொங்கியது. திருட்டுப் பயத்துக்காக யாரோ எப்போதோ போட்ட பூட்டு. காவலாளி சாவியைத் தேடிக்கொண்டுவரும்வரை அந்த இருபது பேரும் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார்கள்.

வெளியே வந்து, மரத்தடியில் நின்று பிள்ளைகளை எண்ணினேன். அறுபதும் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் பக்கத்து லேப் பையன் ஒருவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அக்கா எங்கே?" என்று கேட்டான்.

அவள் வீல்சேரில் வரும் ஆய்வு மாணவி. அவளுடைய அறையும் மூன்றாம் மாடியில்தான், என் வகுப்பிலிருந்து நாலு கதவு தள்ளி. மணி அடித்தால் லிஃப்டைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். மின்சாரம் போனால் நடுவழியில் சிக்கிக்கொள்வோம், லிஃப்ட் குழிக்குள்ளும் புகை ஏறும். அதனால் சொல்லிக்கொடுத்தபடியே பின்படிக்கட்டின் மேல்தளத்துக்கு வந்து, தீத்தடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். 22 நிமிடம். தீயணைப்பு வீரர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், நால்வர் மேலே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் அவள் அறைக்குப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன். அவளே சொன்னாள்: "மேடம், அந்த இருபது பேரும் என்னைத் தாண்டித்தான் இறங்கினாங்க. அதுல மூணு பேர் நின்னு, 'இங்கேயே இருங்க, கீழே போய்ச் சொல்றோம்'னு சொன்னாங்க. நல்ல பிள்ளைங்கதான். ஒவ்வொருத்தரும் மத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க."

கோபமே இல்லாத குரலில்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்தத் தளத்துக்குப் பொறுப்பாளர் நான்தான். என் மேசை இழுப்பறைக்குள் இருக்கும் அவசரகால வெளியேற்றத் திட்டத்தாளில், 'மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. யார் உதவ வேண்டும் என்று இல்லை. ஐந்து வருடமாக அதன் கீழே கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

அதன் பிறகு இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1968-இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்கச் சொல்லி இருவரைக் கூட உட்காரவைத்தபோது, பத்துப் பேரில் ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, படிவத்தைத் தொடர்ந்து நிரப்பினார்கள். அன்று என் வகுப்பில் அறுபது பேருக்கும் அந்த இருவருடைய வேலையை நான் செய்திருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணை மறந்ததும் இதே கணக்குதான்.

பூட்டைப் பற்றியும் படித்தேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஷர்ட்வேஸ்ட் என்ற தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அங்கேயும் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் அதில் இருக்கின்றன. அன்றைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இதே பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் இருந்தார்கள். மொட்டைமாடிக்குத் தப்பி ஏறியவர்களுக்கு ஏணி வைத்துத் தங்கள் பக்கம் ஏற்றிக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். பாடத்தை விட்டு எழுந்துபோன பிள்ளைகள்! அவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது.

சரி, இப்போது என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன். பூட்டு போய்விட்டது. உள்ளிருந்து இடுப்பால் இடித்தாலே திறக்கும் தள்ளுகம்பி வைத்த கதவு வந்திருக்கிறது. வெளியிலிருந்து திறக்காது, அதனால் திருட்டுப் பயமும் இல்லை. ஆட்களின் பெயரையும் எழுதிவிட்டோம். அந்த மாணவியிடம் கேட்டு, அவள் சொன்ன நான்கு பேரை வைத்தோம். நாங்களாகவே முடிவு செய்திருந்தால் தவறாகப் போயிருக்கும். அவளை எப்படித் தூக்குவது, எங்கே பிடித்தால் வலிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்?

அப்புறம், படிக்கட்டில் இறக்கும் நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறோம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த மாதிரி நாற்காலிகளை வாங்கி வைத்திருந்தார்கள். 2001-இல் அந்தக் கட்டடம் தாக்கப்பட்டபோது, 69-ஆவது மாடியிலிருந்து நடக்கமுடியாத ஒருவரைக் கூட வேலைசெய்தவர்கள் அப்படி ஒரு நாற்காலியில்தான் மாறிமாறி இறக்கிக் காப்பாற்றினார்கள். எங்களுடையது வந்ததும், ஒத்திகைக்கு நானே உட்கார்கிறேன் என்றேன். மார்பிலும் காலிலும் வாரைக் கட்டினார்கள். முதல் படியின் விளிம்பில் சாய்ந்தபோது என் பாரம் முழுவதும் பின்னால் பிடித்திருந்தவனின் கையில். கால் அந்தரத்தில், கண்முன்னே படிக்கட்டு மட்டும் சரிந்து இறங்குகிறது. அடியில் இருந்த ரப்பர் பட்டை ஒவ்வொரு படி விளிம்பிலும் உரசி, ஒரே சீராக இறங்கியது. மூன்று மாடிக்கும் பயம் போகவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் கோடு விழுந்திருந்தது. "முதல்ல சொல்லிட்டுச் சாய்க்கச் சொல்லுங்க மேடம், பின்னாடி நடக்கிறது எங்களுக்குத் தெரியாது" என்று அந்த மாணவி மேலிருந்து குரல்கொடுத்தாள். அதையும் எழுதிக்கொண்டோம்.

உன் விடுதியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. எங்களுக்கு நடந்தது பகலில். உன் பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள், இயர்போனைக் காதில் மாட்டியபடியே தூங்கியிருப்பார்கள். போனை எடுக்க, லேப்டாப்பை எடுக்க என்று திரும்பி ஓடுவார்கள். கதவைத் திறக்கும்முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும், சுட்டால் திறக்கக்கூடாது. வெளியே வந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட வேண்டும், சாத்திய கதவு ஒன்றே புகையை எவ்வளவோ நேரம் தடுத்து வைக்கும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர்களுக்கு யாராவது ஒருமுறை நடத்திக் காட்டவேண்டும்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். இன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல், காவலாளி எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, மேல்மாடியிலிருந்து பின்படிக்கட்டு வழியாக நீயே இறங்கிப் போ. கீழ்க்கதவை உன் கையால் தள்ளிப் பார். திறந்ததா இல்லையா, சாவி யாரிடம் இருந்தது, அவர் வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்கு எழுது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அந்த மாணவிக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி