ஆங்கில வகுப்பை யாராவது முழுதாக உட்கார்ந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பி.எட். மாணவிகள் பலர் என்னிடம் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு என் தம்பி மகள் மார்த்தாண்டம் பக்கம் பயிற்சியில் இருக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரம் பள்ளிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 16 வாரம் இரண்டாம் ஆண்டில். காலம் போதும். வகுப்பைப் பார்க்கத்தான் ஆளில்லை. கல்லூரியிலிருந்து வருபவருக்கு ஒரே நாளில் பல பள்ளிகள். பத்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து, சார்ட்டைப் பார்த்து, மாணவி பாடக் குறிப்பு எழுதிய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திட்டுக் கிளம்பிவிடுகிறார். அதற்காகப் பயிற்சி மாணவிகள் முந்தின நாள் நடத்திய பாடத்தையே மறுபடி நடத்துகிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இதனால் பாதிப்பு அதிகம். பயிற்சிக்கு வரும் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். இலக்கணம் நன்றாகத் தெரியும், பேசத்தான் தயக்கம். பயத்தில் வரிக்கு வரி வாசித்துத் தமிழில் பொருள் சொல்லி, "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்க, வகுப்பே "யெஸ் மிஸ்" என்கிறது. கேள்வி கேட்டாலும் பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு மாணவியிடம், கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்றேன். மறுநாள் எட்டாம் வகுப்பில், "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "மை ஃபாதர் டாப் ரப்பர்" என்றான். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். அவனை நிறுத்தித் திருத்தாமல், "யெஸ், யுவர் ஃபாதர் டாப்ஸ் ரப்பர். வென் டஸ் ஹி ஸ்டார்ட்?" என்று அந்த மாணவி தொடர்ந்தார். சரியான வடிவம் காதில் விழுந்தது, அவன் பேச்சும் நிற்கவில்லை. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ரெக்கார்டு எழுதி இது வராது. ஒருவர் முழு பீரியடும் இருந்து பார்த்து, அப்புறம் கால் மணி நேரம் பேசினால்தான் வரும்.

பள்ளிகளும் யோசிக்க வேண்டும். ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் பயிற்சி மாணவியை அனுப்புகிறார்கள். என் தம்பி மகள் ஆங்கிலம் எடுத்ததைவிட விளையாட்டு பீரியட் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். பயிற்சி மாணவிக்குப் பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பாடவேளை ஒன்றுகூடக் குறைவதில்லை, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் குமரி மாவட்டத்தில் மழை விடுமுறையிலும் காலாண்டுத் தேர்விலும் நாட்கள் போய்விடும். மிஞ்சும் நாட்களிலாவது வழிகாட்டி ஆசிரியருக்கு வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கிக் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டுகளைக் குறையுங்கள். பேச்சிப்பாறை போன்ற மலையோரப் பகுதிகளுக்குக் கல்லூரியிலிருந்து அடிக்கடி வர முடியாதென்றால், ஒரு பள்ளிக்கு இரண்டு ஆங்கில மாணவிகளைச் சேர்த்து அனுப்புங்கள். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
திருவட்டாறு