காக்கிக்கு முப்பத்திரண்டு புள்ளி

ஜாக்சன் ஹைட்ஸ்,
குயின்ஸ், நியூயார்க்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை, வைத்துவிடு என்கிறீர்கள். வீடியோவில் வந்தால் அம்மா என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

அம்மா குளிரைப் பற்றிக் கேட்டாள். குளிரெல்லாம் தெருவில்தான். வீட்டுக்குள் சுவரோரம் இரும்புக் குழாயில் நீராவி வருகிறது. ராத்திரி அது ஏறும்போது யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டங் டங் என்று சத்தம். பழகிவிட்டது. சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. 74ஆம் தெருவுக்குப் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவைக் கடை, நகைக் கடை எல்லாம் உண்டு. ஃப்ளஷிங்கில் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது, 1977இல் கும்பாபிஷேகம் ஆனது. கீழே கேன்டீனில் தோசை போடுகிறார்கள். சாமி கும்பிட எத்தனை பேர், தோசைக்கு எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இங்கே டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும்போது நாமே கார்டைத் தட்டிக்கொள்ள வேண்டும், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். வயதானவர்கள் நின்றால் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். பஸ்ஸின் முன்பக்கம் உஸ்ஸென்று கீழே இறங்கி நடைபாதைக்குச் சமமாக நிற்கிறது. ஏறியதும் மறுபடி எழுந்துகொள்கிறது. டிரைவர்களில் பெண்களும் நிறையப் பேர். அவர்களுக்கு யூனிபார்ம் நீலம். போலீஸுக்குக் கருநீலம்.

காக்கி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கள் ஆபீஸில் இருக்கிறது, அப்பா. எங்கள் மேனேஜர் வெள்ளிக்கிழமை ஆனால் காக்கி பேன்ட் போட்டுக்கொண்டு வருகிறார். மற்ற நாளில் கோட்டு சூட்டு, வெள்ளிக்கிழமை கொஞ்சம் தளர்வாக இருக்கலாம் என்பதற்கு அடையாளம் இந்த காக்கிதான். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குச் சாப்பிட வருகிறவர்கள்கூட அதைத்தான் போடுகிறார்கள். நீங்கள் டியூட்டி முடிந்து வந்ததும் காக்கியைக் கழற்றிக் கொடியில் போட்டு, வேட்டி கட்டின பிறகுதான் எங்களோடு பேசவே ஆரம்பிப்பீர்கள். காக்கியோடு பந்தியில் உட்காரக் கூடாது என்று கல்யாண வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். இவர்கள் ஓய்வாக இருக்கப் போட்டுக்கொள்வதே அந்தத் துணியைத்தான் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அந்தப் பேரைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். பாரசீகத்தில் காக் என்றால் புழுதி, மண். அதிலிருந்து உருதுவில் காக்கி, மண் நிறம். 1846இல் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி பெஷாவரில் கைட்ஸ் என்று ஒரு படையைத் திரட்டினார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அப்போது சிவப்புக் கோட்டு. மலைமேல் இருப்பவன் குறிபார்க்க அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? லம்ஸ்டன் தன் ஆட்களுக்குப் புழுதியோடு புழுதியாகத் தெரிகிற உடையைக் கொடுத்தார். 1857 கலகத்தின்போது மற்ற வெள்ளைக்காரப் படைகளும் வெள்ளை உடுப்பை டீ, காபி, மை என்று கையில் கிடைத்ததில் முக்கிச் சாயமேற்றினார்கள். ஒரே வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு நிறமாக இருந்திருப்பார்கள். வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத காக்கிச் சாயத்துக்கு 1884இல்தான் இங்கிலாந்தில், லங்காஷயரில் காப்புரிமை வாங்கினார்கள். அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900இல் பிரிட்டனில் நடந்த தேர்தலுக்கே காக்கித் தேர்தல் என்றுதான் பெயர். 1898இல் ஸ்பெயினோடு நடந்த சண்டையில் அமெரிக்க ராணுவத்துக்கும் அது வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் கல்லூரியில் சேர்ந்தார்கள், பலரும் அதே பேன்ட்டோடு. அந்த வழியில் ஆபீஸுக்குள் நுழைந்ததுதான் எங்கள் மேனேஜர் போட்டிருப்பது. நம் ஊரில் போலீஸ், தபால்காரர், டிரைவர், ஆட்டோக்காரர் என்று அது உத்தியோகத்தோடேயே நின்றுவிட்டது.

இதையெல்லாம் தேட வைத்தது கீழ் வீட்டு அம்மாள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். சாயங்காலம் ஸ்கிராபிள் ஆடக் கூப்பிடுவார். எழுத்து வில்லைகளை அடுக்கிக் குறுக்கெழுத்துபோல ஆங்கில வார்த்தை சேர்க்கிற ஆட்டம். மொத்தம் 100 வில்லை, ஒவ்வொன்றிலும் புள்ளி போட்டிருக்கும். அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒன்று, அரிதாக வருவதற்கு எட்டு, பத்து. இதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் எங்கள் பேட்டைக்காரர்தான்! கட்டடக் கலைஞர், 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை போய்விட்டது. சும்மா இருந்த நேரத்தில் செய்தித்தாளை விரித்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி அதிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார். 1948இல் இன்னொருவர் கைக்குப் போன பிறகுதான் ஸ்கிராபிள் என்ற பெயரே வந்தது. இங்கே 35ஆம் அவென்யூவும் 81ஆம் தெருவும் சந்திக்கிற முனையில் தெருப்பெயர்ப் பலகையில் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் அதன் புள்ளியை எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையில்லாதவருக்குத் தெருமுனையில் மரியாதை செய்த ஊர் என்று எனக்கு அந்த இடத்தில் ஒரு பிரியம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஒருநாள் முதல் கையிலேயே எனக்கு காக்கி சேர்ந்தது. கே, எச், ஏ, கே, ஐ. ஒவ்வொரு கேக்கும் 5, எச்சுக்கு 4, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று, கூட்டினால் 16 வர வேண்டும். ஆனால் பெட்டியில் இருப்பதே ஒரே ஒரு கே! இன்னொரு கேக்கு எழுத்தில்லாத வெற்று வில்லையைத்தான் வைக்க வேண்டும், அதற்குப் புள்ளி கிடையாது. ஆக 11. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. ஆட்டப் பலகையில் சில கட்டங்கள் புள்ளியை இரட்டிப்பாக்கும். அசல் கேயை முதலில் வைத்து, ஐ பலகையின் நடு நட்சத்திரக் கட்டத்தில் விழும்படி அடுக்கினால் அந்த கே இரட்டிப்புக் கட்டத்தில் உட்காரும், 5 பத்தாகும், 11 பதினாறாகும். நட்சத்திரம் மொத்தத்தையும் இரட்டிப்பாக்கும். முப்பத்திரண்டு! அந்த அம்மாள் பேசாமல் என்னைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓர் எஸ்ஸை ஒட்டிக் கீழ்நோக்கி இன்னொரு வார்த்தையை இறக்கி, என் காக்கியின் புள்ளியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். இங்கே பேன்ட்டுக்குப் பன்மையில்தான் பேர், கேக்கீஸ் என்பார்கள். அதனால் அந்த எஸ் சட்டப்படி சரி.

அவர் சொன்ன ஒரு வேடிக்கை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பாஸ்டன் பக்கத்துக்காரர்கள் ஆர் எழுத்தை விழுங்கிப் பேசுவார்களாம். கார் கீஸ், அதாவது கார் சாவி என்று அவர்கள் சொன்னால் மற்றவர்கள் காதுக்குக் காக்கீஸ் என்றுதான் விழுமாம். சாவியைக் காணோம் என்றால் பேன்ட்டைத் தேடிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. டிப்போவில் உங்கள் பழைய கூட்டாளிகளிடம் சொல்லுங்கள்.

கடையில் நல்ல காக்கி பேன்ட் பார்த்தேன், உங்களுக்கு அனுப்பலாமா என்று கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். சர்வீஸ் முழுக்கப் போட்டது போதும். கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன், மார்கழிக் காலையில் டீக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகலாம். மாமா வரும்போது அவரிடம் சுக்குப்பொடியும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த யூனிபார்ம் துணி சாயம் விட்டு, அம்மாவின் புடவையெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்று சண்டை நடக்குமே, அந்தத் துணி எந்த மில்லுடையது? அது வெளுத்து வெளுத்துக் கடைசியில் என்ன நிறத்துக்கு வந்தது? கீழ் வீட்டு அம்மாள் கேட்டார். அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும், அவளைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்