காசு தானாக இறங்குவதில்லை, ஆசிரியர் அவர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதைந்த காசுகளைத் தேடுவோரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, கண்ணில் ஏதும் கோளாறா என்று பார்க்க. "காசு கனமானது என்பதால் ஆண்டுதோறும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும், ஆழத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும்." கண்ணில் கோளாறு இல்லை. அதைக் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள்.

பதினெட்டு ஆண்டுகளாக மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு, நிலத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டு வயல்வெளிகளில் நடந்தவன் நான். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். அடிக்கோலிலேயே வயதைப் படித்துவிடலாம் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்!

எடுத்த காசு ஒவ்வொன்றையும் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டரில் எடுத்தேன் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே வயல், பத்தடி இடைவெளி, ஒரே ஆண்டு பொறித்த இரண்டு செப்புக் காசுகள். ஒன்று 4 சென்டிமீட்டரில் கிடந்தது, மற்றது 21இல். உங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி ஒன்று பேரன், மற்றது கொள்ளுத்தாத்தா. ஆழத்தில் இருந்தது படுத்துக் கிடக்கவில்லை, செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து மேலே தரைவரை, சுற்றியிருந்த களிமண்ணைவிட வெளிறிய, பொலபொலத்த மண் ஒரு கோடாக ஓடியது. அந்தக் கோட்டின் அடியில் மட்டும் செம்பின் பச்சை லேசாக ஊறியிருந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்த நிலத்தின் விரிசலில் விழுந்திருக்கிறது. மழை வந்ததும் விரிசல் வாயை மூடிக்கொண்டது. அந்த 21 சென்டிமீட்டரை அது கடக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

கனத்தால் இறங்குகிறது என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நம்மை நிற்கவைத்துத் தாங்குகிற மண் ஒரு காசைத் தாங்காதா? சேறு சகதி வேறு கதை. அங்கே கெட்டியான அடுக்கைத் தொடும்வரை இறங்கும், பிறகு நின்றுவிடும். மற்றபடி காசு பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. தரைதான் அதன்மேல் ஏறுகிறது. ஏற்றுபவை மண்புழுக்கள். அடியில் மண்ணைத் தின்று, மேலே வந்து குருணை குருணையாகக் கழித்துவிட்டுப் போகின்றன. சார்ல்ஸ் டார்வின் தம் வீட்டை ஒட்டிய புல்நிலத்தில் 1842இல் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பவைத்து, 29 ஆண்டுகள் பொறுத்து, 1871இல் குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு ஏழு அங்குலம் கீழே தெரிந்தது. எடையில்லாத அடுப்புக் கசடுகளும் அப்படியே புதைவதை அவர் பார்த்திருக்கிறார். கசடு என்ன ஈயமா, கனம் தாங்காமல் இறங்க? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அதற்காக ஆண்டுக்கு ஆறு மில்லிமீட்டர் என்று அடுத்த இதழில் வாய்ப்பாடு போட்டுவிடாதீர்கள். என் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு இடங்களில் காசுகளைப் போட்டுவைத்தேன். ஒன்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஈரமான புல்தரையில் போட்டவை இரண்டு விரற்கடை மண்ணுக்கு அடியில் இருந்தன. மணற்பாங்கான மூலையில் போட்டவை சருகை விலக்கியதுமே பல்லைக் காட்டின. மணலிலும் அமிலம் மிகுந்த புளித்த மண்ணிலும் புழுக்கள் அதிகம் தங்குவதில்லை. உழுத நிலமோ குலுக்கிப் போட்ட சீட்டுக்கட்டு. போன உழவில் அடியில் இருந்தது இந்த உழவில் மேலே வரும். ஒரே ஒரு வெள்ளம் ஒரு சாண் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். சரிவில் மேட்டு மண் அரித்துப் பள்ளத்துக் காசை மூடும், மேட்டுக் காசைத் திறந்துவிடும். யாரோ எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணாக இருந்தால் ஆழத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்று. கருவியின் திரை காட்டும் ஆழமே ஓர் ஊகம். குறிப்பிட்ட அளவுள்ள காசு என்று வைத்துக்கொண்டு, சமிக்ஞையின் வலுவை வைத்துச் சொல்கிறது. சின்னக் காசு மேலாகக் கிடந்தாலும் ஆழத்தில் இருப்பதாகச் சொல்லும். செங்குத்தாக நிற்கும் காசும் பல நேரம் அப்படித்தான் ஏமாற்றும். ஓர் அடிக்குக் கீழே கிடக்கும் சிறு காசு பெரும்பாலான கருவிகளின் காதிலேயே விழாது. ஆக, நாங்கள் அளந்து எழுதும் ஆழங்களெல்லாம் கருவிக்குக் கேட்ட காசுகளின் ஆழங்கள் மட்டும்தான்.

என் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மரவட்டைப் படத்தைப் போட்டு அடியில் மண்புழு என்று அச்சிட்டீர்கள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "மண்புழுக் கட்டுரை அருமை" என்ற என் முதல் வரி மட்டும் வெளிவந்தது. பிழை திருத்தம் என்று முன்பெல்லாம் ஒரு சிறு பெட்டி வரும். அந்த இடத்தில் இப்போது குறுக்கெழுத்து. அதிலும் போன மாதம் ஒரு கட்டம் குறைந்திருந்தது. அதையும் எழுதினேன், பதில் இல்லை.

அச்சில் வந்தால் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. தேடலில் புதிதாக இறங்கிய தம்பி ஒருவர், மூன்று சென்டிமீட்டரில் கிடைத்த தேய்ந்த வெள்ளிக் காசைப் புட்டி மூடிகளோடு சேர்த்து எறியப் போனார். "மேலாகத்தானே இருந்தது, புதுசாகத்தான் இருக்கும்" என்றார். பையிலிருந்து எடுத்துக் காட்டியது உங்கள் கட்டம் கட்டிய வாக்கியம். தொல்லியலிலும் ஆழம் முக்கியம்தான். ஆனால் அங்கே கேட்பது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை, எத்தனை அங்குலம் என்பதை மட்டுமல்ல. அந்த அடுக்கு கலையாமல் இருந்தால், காசில் உள்ள ஆண்டுக்கு முன்பு அது படிந்திருக்க முடியாது என்று சொல்லலாம். எவ்வளவு பின்பு என்பதைக் காசு சொல்லாது. பல கை மாறித் தேய்ந்த பிறகும் காசு தொலையும்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். "ஆழத்தை மட்டும் வைத்துக் காசின் வயதைச் சொல்ல முடியாது" என்ற ஒரே வரியை, அதே அளவு கட்டத்தில், அதே தடித்த எழுத்தில் போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் வெளியிடுவீர்கள் என்றால், "ஆசையாக" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்