கூழாங்கல் திட்டிலிருந்து அப்பாவுக்கு

ஹோமர், அலாஸ்கா
ஜூன் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். கரண்டும் குழாயும் இல்லாத கடற்கரையில், அடுப்பும் மெத்தையும் கக்கூஸும் உள்ள வீட்டு வண்டிக்குள்ளேயே ஒரு வாரம் குடும்பத்தோடு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

ஹோமர், அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து தெற்கே சுமார் 350 கிலோமீட்டர். ஊர் முடிந்ததும் கச்சமாக் விரிகுடாவுக்குள் ஏழு கிலோமீட்டருக்குக் கூழாங்கல் திட்டு ஒன்று நீண்டு கிடக்கிறது, ஹோமர் ஸ்பிட் என்று பெயர். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரு தார்ச்சாலை. தனுஷ்கோடியைப் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிபடும். இரண்டுமே 1964இல் அடிபட்டவை. மார்ச் 27 நிலநடுக்கத்தில் இந்தத் திட்டு நான்கு முதல் ஆறு அடி தாழ்ந்துபோனது. அந்த டிசம்பரில்தான் நம் பக்கம் புயல்.

இங்கே எல்லாவற்றுக்கும் கடிகாரம் கடல்தான். பாம்பனில் கடல் பெருக்குக்கும் வத்தத்துக்கும் இடுப்பளவுகூட வித்தியாசம் வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எட்டு மீட்டர் வரை ஏறி இறங்கும், நம் தென்னை மரத்தில் பாதி. சுமார் ஆறு மணி நேரத்தில் அவ்வளவு தண்ணீரும் ஏறும், அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டை வரிசைதான் பெருக்கு எட்டும் எல்லை. வண்டியை அதற்கு மேலே, இறுகிய சரளையில்தான் நிறுத்த வேண்டும். கீழே ஈரச் சரளையில் இறக்கினால் பின்சக்கரம் புதையும், அடுத்த பெருக்குக்கு முன் இழுத்தாக வேண்டும். மதியத்துக்கு மேல் கச்சான் மாதிரி தென்மேற்குக் காற்று கிளம்பும். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டிவிட வேண்டும். விரித்தபடி விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனவர்களின் துணிக்கம்பி வளைந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

நிறுத்தியதும் மட்டம் பார்ப்பது முதல் வேலை. வண்டியின் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவது. உள்ளே அம்மோனியா தானாக வழிந்து இறங்கிச் சுற்றி வர வேண்டும். வண்டி சரிந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிவிடும், குளிர்ச்சி போய்விடும், நாளடைவில் ஃபிரிட்ஜே வீணாகும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றினால் போதும்.

பாட்டரிதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது. 100 ஆம்பியர் மணி ஈய பாட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஜூனிலும் ராத்திரிக் குளிர் எட்டு, பத்து டிகிரி. கேஸ் ஹீட்டரின் காற்றாடி எட்டு ஆம்பியர் இழுக்கும். ராத்திரியில் விட்டுவிட்டு நான்கு மணி நேரம் ஓடினாலே 32 ஆம்பியர் மணி போய்விட்டது. விளக்கு, பம்ப், கேஸ் கசிவு அலாரம் எல்லாம் சேர்த்தால் ஒரு பகல், ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும். இரண்டாம் நாள் விடியற்காலை காற்றாடி சுற்றும், ஆனால் குளிர்காற்றுதான் வரும். கேஸ் தீர்ந்ததென்று நினைத்து சிலிண்டரை மாற்றுவார்கள். அதில் குறை இருக்காது. காற்று தள்ளினால் நகரும் சின்னத் தகடு ஒன்று உள்ளே இருக்கிறது. அது நகர்ந்தால்தான் பர்னர் பற்றும். வோல்டேஜ் இறங்கி காற்றாடி மெதுவாகச் சுற்றுவதால் தகடு அசையாது, நெருப்பும் வராது. அதனால் 12.1 வோல்ட் காட்டும்போதே சார்ஜ் ஏற்ற வேண்டும். ஜெனரேட்டரைக் காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவது லாபம். காலியான பாட்டரி முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி இருபது சதவீதத்துக்கு நாளெல்லாம் ஆகும். அதைக் கூரை சோலாருக்கு விட்டுவிடலாம், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறதே.

கேஸ் கணக்கு: 9 கிலோ சிலிண்டர் ஹீட்டரோடு மூன்று, நான்கு ராத்திரி வரும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை வாரம் வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குளிருக்கு அடுப்பை எரிய விட்டுத் தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். சமைக்கும்போது கூரை ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்காவிட்டால் கேஸ் எரிந்து வரும் ஈரமும் சோற்று ஆவியும் சுவரில் வழிந்து மெத்தை நனைந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு ஏழு நாளுக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் சொச்சம். குடிக்கத் தனிக் கேன். குளியல் என்பது நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, அலசி முடிப்பது. உண்மையில் நல்ல தண்ணீர் தீர்வதற்கு முன்பே பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிடும். அதைச் சரளையில் திறந்துவிடுவது குற்றம். காலி செய்யும் நிலையத்துக்குப் போனதும் கக்கூஸ் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும்.

இனி மீன். சாலை ஓரத்திலேயே கடலோடு சேர்ந்த உப்பங்கழி, நிக் டூடியாக் லகூன். ஆங்கரேஜ் பொரிப்பகத்தில் வளர்ந்த சால்மன் குஞ்சுகளை இங்கே வலைக்கூண்டில் சில நாள் வைத்து, தண்ணீர் பழகியதும் கடலில் விடுகிறார்கள். வளர்ந்ததும் அதே வாயிலைத் தேடி வரும். முட்டையிட ஆறு கிடையாது, அதனால் பிடிப்பதற்காகவே வரும் மீன் இது. மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை கிங் சால்மன், ஜூலை நடுவிலிருந்து கோஹோ என்ற இன்னொரு வகை சால்மன். நம் ஊரில் காலா மீனை இந்தியன் சால்மன் என்று விற்கிறார்களே, அது வேறு இனம்.

பெருக்கு வாய்க்காலில் புகும்போது மீனும் கூடவே புகும், அந்த இரண்டு மணி நேரம்தான் வேட்டை. நைலான் தங்கூசி நரம்பில் மிதவை, அதற்குக் கீழே மூன்று நான்கு அடியில் முள், முள்ளில் உப்பிட்ட சால்மன் சினை. மிதவை லேசாகச் சாய்ந்ததும் இழுத்தால் சினைதான் கிழியும். அது முழுசாக அமுங்கும்வரை பொறுக்க வேண்டும். மீனின் உடம்பில் முள் மாட்டி இழுப்பதற்கு இங்கே தடை, மீன்வளத் துறையே அறிவித்துத் திறக்கும் நாள்களில் மட்டும் செய்யலாம். பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமல் தூண்டிலைத் தொடக்கூடாது. சீசன் நடுவிலும் விதி மாறும், அன்றன்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடித்த கையோடு தலையில் ஓர் அடி, இரண்டு செவுளிலும் ஒரு வெட்டு, ஐந்து நிமிடம் கடல் தண்ணீரில். ரத்தம் இறங்காவிட்டால் ஆரஞ்சுச் சதையில் கறுப்புத் திட்டு விழும், மறுநாளே வாடை வரும். பிறகு ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டி. வண்டி ஃபிரீசரில் முழு மீனை வைத்தால் நடுச்சதை உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஊருக்குள் வேக்யூம் பேக் செய்து உறைய வைத்துத் தரும் கடைகளில் கொடுப்பதே சரி.

இந்த மீனில் எண்ணெய் அதிகம். வஞ்சிரத்துக்குப் போடும் அளவு எண்ணெய் போட்டால் குழம்பில் இரண்டு விரல் மிதக்கிறது. அம்மாவிடம் சூடை மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். கோஹோ வருவதற்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்